வீட்டுப் பக்கத்துக் குழாய்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில்தான் என் ஆபீஸ். கீழே புடவை விரித்துக் காட்டுவார்கள். மேலே நான் கிளையண்டுகளைத் திட்டிக்கொண்டிருப்பேன். பில்லைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள், கடைசித் தேதிக்கு மறுநாள் வருகிறவர்கள், போன வருஷம் சொன்னதையே புதிதாகக் கேட்பது போலக் கேட்கிறவர்கள், எல்லோருக்கும் கிடைக்கும். எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும். ஊருக்கே இது தெரியும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படித் திட்டு வாங்கியும் விடாமல் வருகிறவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஒரு சாயப்பட்டறை அம்மா. பட்டறை அவருடைய வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது; நடத்துவது இவர். வீட்டுக்காரருக்கு நிறம் பார்ப்பது மட்டும்தான் வேலை. ஒரு துண்டு நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கொப்பரையில் அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். ஆள் பிடிப்பது, சரக்கு வாங்குவது, கடைக்காரர்களிடம் மல்லுக்கு நிற்பது, என்னிடம் வந்து பேச்சு வாங்குவது எல்லாம் அம்மாவின் பொறுப்பு.

ஒரு நாள் படியேறி வந்தவர் மூச்சு வாங்க, போனை என் மேஜை மேல் வைத்தார்.

"ஆடிட்டர்மா, பெங்களூர்காரங்க இன்னாமோ அனுப்பிக்கிறாங்க. பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல இருக்குது. இன்னா கேக்குறாங்கன்னு பாருங்க."

பெங்களூர்காரர்கள் என்றால் பட்டுத் துப்பட்டாக்கள் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி. நூலுக்குச் சாயம் ஏற்றுவது இந்தப் பட்டறையில்தான். அம்மாவுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. வெளிநாட்டுக் கடைக்காரருக்கு அவர் ஊரில் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. விற்கிற பொருள் எங்கே செய்யப்பட்டது, அதற்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எரிபொருள், கழிவு எங்கே போகிறது, வேலை செய்கிறவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் கணக்குக் காட்டியாக வேண்டும். அவர் பெங்களூரைக் கேட்டார். பெங்களூர் கீழே இருப்பவர்களைக் கேட்டது. கடைசியில் கேள்வி வந்து நின்ற இடம், ஒரு சந்தில் கொப்பரை வைத்துப் பிழைக்கும் இந்த அம்மா.

சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட் என்று அதற்குப் பெயர். தமிழில் நிலைத்தன்மை அறிக்கை என்கிறார்கள். அப்படிச் சொன்னால் அம்மா இன்னும் பயந்துவிடுவார் என்று சொல்லவில்லை. ஒரு கணக்காளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அனுப்பாத பட்டறைக்கு அடுத்த சீசனிலிருந்து வேலை கிடையாது என்று கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அதை மட்டும் சொன்னேன்.

"இது என் வேலை இல்லைம்மா. நான் பணக் கணக்கு பாக்கறவ. தண்ணிக்கும் புகைக்கும் எனக்கு என்ன தெரியும்?"

"கணக்குதானேமா கேக்கறாங்க? கணக்குன்னா உங்களண்ட வராம வேற யாரண்ட போறது?"

போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சாயங்காலங்களில் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்து, எங்கோ உட்கார்ந்துகொண்டு புகை, கழிவு, கரி என்று பேசிக்கொண்டே போகிற ஒருவரின் முகத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்கூல் பெண் மாதிரி. வீட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பட்டறை, கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. ஒரே காம்பவுண்டு. முன்னால் வீடு, பின்னால் சாயக் கொட்டகை. நடுவில் போர்வெல். ஒரே மோட்டார், மேலே ஒரே தொட்டி. உள்ளே போனால் முதலில் ஆவி முகத்தில் அடிக்கும், அப்புறம் சோப்பும் சோடாவும் கலந்த வாசனை. ஈர லுங்கியைத் தூக்கிக் கட்டிய ஆட்கள் மூங்கில் கம்பில் நூலைக் கோத்துக் கொப்பரையில் முக்கிமுக்கி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நிழலில் ஒரு கம்பு முழுக்க அரக்கு, அடுத்த கம்பு முழுக்கக் கிளிப்பச்சை. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் டம்ளர் நிறைய மோரும் வந்தன. நான் கேள்விகளைப் படித்துச் சொல்லச் சொல்ல, அம்மா நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"தொழிலாளர்கள் தங்களோட குறைகளை நிர்வாகத்துக்குச் சொல்ல என்ன ஏற்பாடு இருக்குன்னு கேக்கறாங்க."

"அவங்க எங்க சொல்லுவாங்க? கோச்சிக்கினு வூட்டுக்குப் போயிடுவாங்க. நானு போயி கூட்டிக்கினு வருவேன்."

கொஞ்சம் யோசித்து, 'குறைகள் மூத்த நிர்வாகியால் தொழிலாளரின் இல்லத்துக்கே சென்று, நேரில் கேட்டுத் தீர்க்கப்படுகின்றன' என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய் இல்லை.

"என்ன எரிக்கறீங்க?"

"முன்ன வெறகு. அது வெல ஏறிப்போச்சு. இப்ப வாலாஜாபாத் மில்லுலேர்ந்து உமி கொண்டாந்து எரிக்கிறோம். ஏம்மா, தப்பா?"

தப்பா? உமிக்கு அந்தத் தாளில் முழு மார்க். வேளாண் கழிவிலிருந்து கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க எரிபொருள். நான் அதைச் சொன்னதும் அம்மா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இங்க வா, உமிக்கு மார்க்கு குடுக்கறாங்களாம்" என்றார். அவர் கொப்பரையிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடி குனிந்துகொண்டார்.

மாதத்தில் ஒரு நாள் உற்பத்தி அடியோடு நிற்கிறதே, என்ன காரணம் என்று ஒரு கேள்வி. அமாவாசை. அன்றைக்கு இங்கே தறி ஓடாது, சாயம் போட யார் வருவார்கள்? 'சந்திர நாட்காட்டியின்படி மாதாந்திர விடுமுறை' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை நினைத்து அன்று முழுவதும் எனக்கே என் மேல் ஒரு பெருமை.

உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது. அம்மா ஒழுங்காகத்தான் தொழில் நடத்துகிறார். ஆனால் அவர் நடத்துகிற விதத்துக்கும் தாள் கேட்கிற விதத்துக்கும் ரொம்ப தூரம். நடுவில் ஒருத்தி உட்கார்ந்து இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்துக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. வருஷக்கணக்காக வரிக் கணக்குப் போட்டதில் எனக்குக் கிடைக்காத ஒரு சந்தோஷம் அதில் இருந்தது.

எல்லாம் தண்ணீர்ப் பக்கத்துக்கு வரும் வரைதான்.

பட்டறையில் தண்ணீருக்கு மீட்டர் கிடையாது. மோட்டார் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டு, அதை வைத்து உள்ளே வருகிற தண்ணீரைக் கணக்கிட்டேன். வெளியே போவதற்குச் சீட்டு இருந்தது. சாயக் கழிவை டேங்கர் லாரி வந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துப் போகும். ஒவ்வொரு நடைக்கும் ரசீது. ஆவியாகப் போவதையும் நூல் குடிப்பதையும் கழித்துவிட்டால், உள்ளே போனது அனேகமாக வெளியே வந்தாக வேண்டும். வரவில்லை. பாதிக்கும் மேல் காணோம். மறுபடி கூட்டினேன், மறுபடி காணோம்.

இதை யார் படித்தாலும் ஒரே அர்த்தம்தான் எடுப்பார்கள். லாரிக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதிச் சாயத் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் மண்ணில் விடுகிறார்கள். பாலாற்றுப் பக்கத்தில் சாயத்தொழில் செய்கிறவர்களுக்கு இதைவிட மோசமான பேர் வேறு இல்லை.

நேராகப் பட்டறைக்குப் போனேன். "மீதித் தண்ணி எங்கம்மா போகுது?"

அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கொப்பரையைப் பார்த்தார்.

"போவுதுமா."

"எங்க?"

"அது போவுது. அத்த வுடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கால்வாயில விடறீங்களா?"

அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "நாங்க அப்டி செய்வோம்னா நெனச்சிக்கினு இருக்கீங்க?"

"நான் நினைக்கறது முக்கியமில்ல. இந்தப் பேப்பர் அப்படித்தான் சொல்லும். பெங்களூர்ல அப்படித்தான் படிப்பாங்க. அப்புறம் வேலையும் வராது, பேரும் கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மோட்டார் ஓடுகிற நேரத்தை நானே பார்த்துவிடுவது என்று மறுநாள் விடிந்ததும் ஓரிக்கை வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சந்துக்குள் திரும்பினால் வண்டி போக வழி இல்லை. காம்பவுண்டுச் சுவரிலிருந்து தெருமுனை வரை குடம். பச்சை, நீலம், ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள், அவற்றுக்குப் பின்னால் தூக்கம் கலையாத முகத்தோடு பெண்கள். சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. நான் வழக்கமாகப் பதினொரு மணிக்கு வருகிறவள். அந்த நேரத்தில் அதன் மேல் ஒரு சாக்குத் துணி தொங்கும். சாக்குக்குப் பின்னால் என்ன என்று எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை.

குழாயடியில் அம்மா நின்றுகொண்டு ஒரு பெண்ணோடு கத்திக்கொண்டிருந்தார். ஆளுக்கு ரெண்டு குடம் என்பது ஏற்பாடு. அந்தப் பெண் மூன்றாவதைச் செருகியிருந்தாள். அவள் பதிலுக்கு, "ஒரு குடத்துக்கு இன்னா பேச்சு பேசுற நீ" என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே பிடித்தாள். என்னைப் பார்த்ததும் அம்மாவின் குரல் நின்றுவிட்டது. திருடும்போது பிடிபட்டவர் மாதிரி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அந்தத் தெருத் தண்ணீர் உப்பு. நகராட்சித் தண்ணீர் வந்தால் வரும். அம்மா வீட்டு போர்வெல்லில் மட்டும் நல்ல தண்ணீர். சாயக் கொட்டகை இருக்கிற இடம் என்று வருஷாவருஷம் பரிசோதனைக்கு அனுப்பிச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். போர்வெல் போட்ட காலத்திலிருந்து விடியற்காலையில் தெருவுக்கு விடுகிறார்கள். காணாமல் போன தண்ணீர் இதுதான்.

"ஏம்மா, இதைச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? தண்ணி வேணும்னு வராங்க, புடிச்சிக்கினு போறாங்க."

"எவ்வளவு போகுதுன்னாவது தெரியுமா?"

"அத்த எண்ணக்கூடாதுமா" என்றார், குரலைத் தாழ்த்தி. "அன்னதானத்துக்கு அரிசி போட்டாகூட நாங்க படியில அளக்க மாட்டோம். கையால அள்ளித்தான் போடுவோம். எண்ணிட்டா அது குடுத்தது ஆவாது."

எனக்கு இருந்த நிம்மதியில் அதெல்லாம் காதில் ஏறவில்லை. இவர்கள் சாயத்தை மண்ணில் விடவில்லை. அது மட்டுமா, அந்தத் தாளில் இதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. சமூகப் பங்களிப்பு. அதிகமான மார்க்கே அதற்குத்தான். நான் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தேன். இந்தக் குழாயில் ஒரு மீட்டர் வைப்போம். எவ்வளவு தண்ணீர், எத்தனை குடும்பம் என்று எழுதுவோம். வரிசையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புவோம். பாஸ் மார்க் என்ன, உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

"போட்டோவா?"

"ஆமாம்மா. ஒண்ணு ரெண்டு எடுத்தா போதும்."

அம்மா வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "கொடத்தத் தூக்கிக்கினு நிக்கிறவள வெள்ளக்காரனுக்குப் படம் புடிச்சிக் காட்டினா, நாளைக்கு எவ வருவா? வாங்கிக்கினு போறோம்ன்ற நெனப்பே அவளுக்கு இருக்கக்கூடாதுமா. இப்ப பாருங்க, என்னியே திட்டிக்கினு புடிச்சிக்கினு போறா. அப்டியே இருக்கட்டும்."

"அப்போ பெங்களூர் வேலை போயிடும்."

"போனா போவுது."

அவர் வாய் சொன்னதே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு கொப்பரையை அணைக்க வேண்டும். அதை நம்பி இருக்கிற ஆட்களை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டு போன ஆளை வீடு தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறவர், இருக்கிற ஆளை எப்படிப் போகச் சொல்வார்? அந்தக் கவலையில் நான், "அப்ப கணக்கு முடியற வரைக்குமாவது குழாயை மூடி வையுங்க" என்று சொன்னேன். அம்மா உள்ளே போய்க் காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவர் சண்டை போடுவது அப்படித்தான்.

சில நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்காரர் என் மாடிக்கு வந்தார். அவருக்குப் படியேறுவதும் ஆகாது, பேசுவதும் ஆகாது. விரல் நகமெல்லாம் அரக்குச் சாயம். என் ஜன்னல் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெளுத்துப் போச்சு. அவுத்துக் குடுங்க, போட்டுத் தரேன்" என்றார். பிறகு எழுந்து நின்றுகொண்டு சொன்னார்:

"பெங்களூர் போனா போவுதும்மா. அவ சொல்லிட்டா, அவ்ளோதான். ஆனா நீங்க வூட்டுக்கு வர்றத நிறுத்திடாதீங்க. அவ சரியா சாப்பிடறதில்ல."

அவர் போனபின் எனக்கு வேலை ஓடவில்லை. என் மேலேயே கோபமாக வந்தது. அந்த நேரத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர் கணக்கோடு வந்து உட்கார்ந்தார். மகள் காலேஜ் ஃபீஸைக் கடைச் செலவில் எழுதியிருந்தார். "வீட்டுச் செலவைக் கடையில ஏன் எழுதறீங்க? வீடு வேற, கடை வேறன்னு எத்தனை வருஷம் சொல்றது?" என்று வழக்கம்போல் கத்த ஆரம்பித்தேன். பாதியில் வாயை மூடிக்கொண்டேன். கடைக்காரர் பயந்துபோய், "என்னாச்சு மேடம்?" என்றார்.

என்ன ஆயிற்று என்றால், கணக்குப் படிக்கப் போன முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்ததை நான் கோட்டை விட்டிருந்தேன். தொழில் வேறு, முதலாளி குடும்பம் வேறு. மோட்டார் ஒன்றாக இருக்கிறதே என்று வீட்டுத் தண்ணீரையும் பட்டறைக் கணக்கில் எழுதி வைத்தவள் நான்தான். பெங்களூர் கேட்டது பட்டறையின் கணக்கை. கொட்டகைக்குத் தனியாக ஒரு பைப் போட்டு, அதில் மீட்டர் வைத்தால் போதும். தெருக் குழாய் வீட்டுப் பக்கம் இருக்கிறது. அந்தத் தண்ணீரை அந்த அம்மா என்ன செய்தால் எனக்கு என்ன?

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "இது பொய் இல்லியே?" என்றார்.

"கொட்டகைக்குள்ள போற ஒவ்வொரு சொட்டையும் எண்ணப்போறோம். வெளிய போற கழிவையும் எண்ணப்போறோம். இதுல பொய் எங்க இருக்கு?"

"தெருக் கொழாய எண்ண மாட்டீங்களே?"

"நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்."

பெங்களூர்காரர்களிடம் பேசி ஒரு சீசன் தவணை வாங்கினேன். பிளம்பர் வந்து மீட்டரைப் பொருத்தினார். மாதக் கடைசியில் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அம்மா எடுத்தார், அனுப்பினார். 'படம் தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி திரும்பி வந்தது. என்ன கோளாறு என்று நேரில் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பூஜை போட்டிருக்கிறார்கள். மீட்டர் கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் எண் ஓடுகிற இடத்தில் தடியாக ஒரு குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். எண்ணைத் தவிர மற்றதெல்லாம் தெளிவாக இருந்தது.

துடைத்துவிட்டுத் திட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் அதே கதை. புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி விடுவது என்பது அவர் கட்சி. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கண்ணாடி எனக்கு, குழாய் அவருக்கு. பைப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் சந்தனம் பூசிக்கொள்ளலாம்.

அதன்பின் மாதாமாதம் எண் வந்தது. உள்ளே போனதும் லாரியில் போனதும், ஆவிக்கு விட்டது போகச் சரியாக நின்றன. பாலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும். சாயத் தண்ணீருக்கும் அது ஓடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மிச்சம் இருந்தது நேரில் வந்து பார்ப்பது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் வருவதாகவும், பத்து மணிக்கு மேல்தான் வருவாள் என்றும் சொன்னார்கள். அவள் வந்த பஸ் முன்னதாக ஊர் வந்துவிட்டது. லாட்ஜுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்கே நடந்துவிட்டாள். "மேடம், நான் வந்துட்டேன்" என்று அவள் போன் செய்தபோது எனக்குப் பொழுதே விடியவில்லை. காபிகூடக் குடிக்காமல் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனால், அவள் தோளில் பையோடு குழாயடியில் நிற்கிறாள். பின்னால் வரிசை தெருமுனை வரை.

"மேடம், இந்தக் குழாய் என்ன?"

மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. நான் அனுப்பிய வரைபடத்தில் வீட்டு லைன் என்று அது இருந்தது. அதைக் காட்டினேன். தெருவுக்குத் தண்ணீர் போவதையும், அம்மா அதை எண்ண மாட்டார் என்பதையும், படம் எடுக்க விட மாட்டார் என்பதையும், ஏன் என்பதையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு பைப்பாகத் தொட்டுப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, லாரி ரசீதுகளைச் சரிபார்த்தாள். குனிந்து கொட்டகைக்குப் பின்னால் இருந்த மண்ணைக்கூடப் பார்த்தாள். நல்ல வேலைக்காரி. என் ஆபீசுக்கு இப்படி ஒருத்தி கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். இந்த ஒரு பாக்ஸ்தான். வீட்டு உபயோகமா, வெளியாருக்கு சப்ளையான்னு கேக்குது. வெளியாருக்குன்னா எவ்வளவுன்னு நம்பர் போடணும். நம்பர் இல்லாம ஃபார்ம் போகாது."

அம்மா இடுப்பில் சொருகிய முந்தானையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. 'போனா போவுது' என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் அந்தப் பெண் குழாயடிக்குப் போனாள். அங்கே குடம் பிடித்துக்கொண்டிருந்தவள், அம்மாவோடு தினமும் மல்லுக்கு நிற்கிற அதே மூன்றாவது குடக்காரி.

"அக்கா, நீங்க இந்த வீடா?"

குடக்காரிக்கு எங்கள் சமாச்சாரம் எதுவும் தெரியாது. யாரோ ஒரு பட்டணத்துப் பெண் தண்ணீர் பிடிப்பதைத் தடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போல. தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா, இந்த வூடுதான். உனக்கு இன்னா?"

"நானும் இந்த வூடுதான்" என்றாள் அடுத்தவள், கேட்காமலே. மூன்றாவதாக நின்றவள் ஒரு படி மேலே போய், "நீ யாரு மொதல்ல? எங்க வூட்டாண்ட காலங்காத்தால இன்னா வேல உனக்கு?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. என்னைப் பார்த்தாள். கணக்காளர் வாயைத் திறக்கக் கூடாத நேரம் என்று ஒன்று உண்டு. நான் தெருவிளக்கைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த போனில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். வீட்டு உபயோகம்.

அம்மா, "ரெண்டு கொடம்தானே சொன்னேன், மூணாவது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அந்தக் குடக்காரியை அதட்டினார். குரல் அவருடைய குரலாகவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து இட்லி போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் கடைசிப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். கணக்காளரின் உறுதிமொழி. அதில் கையெழுத்து விழுந்தால் அங்கேயே அனுப்பிவிடலாம், வேலை தொடரும். அம்மாவுக்காக எதையும் தமிழில் படித்துச் சொல்வது எனக்குப் பழகிவிட்டது. அதே பழக்கத்தில், யோசிக்காமல் இதையும் படித்துவிட்டேன். 'இந்த நிறுவனத்தோடும் அதன் உரிமையாளர் குடும்பத்தோடும் எனக்கு எந்த உறவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.'

சட்னிக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இன்னாது?"

"ரூல்மா. சொந்தக்காரங்க பார்த்த கணக்கு செல்லாது."

"எந்த ஒறவும் இல்லன்னா போட்டுக்கிறாங்க?"

"ஆமாம்மா. எல்லாக் கம்பெனிக்கும் இப்படித்தான்."

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "தெருவுல சண்ட போடறவ எல்லாம் இந்த வூடுன்றா. நீங்க இல்லன்னு கையெழுத்து போடப்போறீங்க."

இப்படிப்பட்ட உறுதிமொழியில் என் காலம் முழுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை. இப்போது கை ஓடவில்லை. போடாவிட்டால் இத்தனை மாதம் பட்ட பாடும் வீண், ஒரு கொப்பரையும் அணைந்துவிடும். கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். போடும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; அதை மறைக்க இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண் கையெழுத்தைத் தூக்கிப் பிடித்து, மற்றப் பக்கங்களில் இருந்த என் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "மேட்ச் ஆகலை மேடம். கோணலா இருக்கு. கீழ இன்னொரு தடவை போட்டுடுங்க."

இரண்டாம் தடவையும் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் வேண்டுமா என்று கேட்காமல் என் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தார்.